இதயத்துக்கும் சாரமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வுகூடத்தில் வளர்க்கும் இதய வால்வு பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் இரண்டு தடவை வாசித்தோம். முதல் தடவை சிரிப்பாகப் போய்விட்டது. “உயிரணுக்கள் ஒரு சாரத்தின் மேல் வளர்கின்றன” என்று எழுதியிருந்தீர்கள். மருதமுனையில் சாரம் என்றால் தறியில் நெய்து இடுப்பில் உடுக்கிற சாரம்தான். “இதயத்துக்கும் சாரம் உடுக்கிறதா?” என்று உம்மா கேட்டார்.

இரண்டாவது தடவை வாசித்தவள் என் தங்கச்சி. சிறு வயதில் தொண்டை நோவைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவளுடைய இதயத்தின் இடது பக்கத்தில் இருக்கும் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. 23 வயதில் செயற்கை வால்வு வைத்தார்கள். கரண்ட் போன இரவில் பக்கத்தில் படுத்தால் கைக்கடிகாரம் போல டிக் டிக்கென்று கேட்கும். வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு இரவும் வாஃபரின் குளிசை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கணக்கைப் பார்க்கக் கிளினிக். முருங்கையிலைச் சுண்டல் ஒரு கிழமை கூடினாலும் கணக்குப் பிசகும். அந்தக் குளிசை வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்பதால் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் வீடு அமைதியாகிவிடும். கட்டுரையை மடித்து வைத்துவிட்டு அவள் கேட்டாள்: “ராத்தா, இது வந்தா குளிசைய நிப்பாட்டலாம்தானே?”

அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். அந்த வால்வு “விரைவில்” வரும் என்று நீங்கள் எழுதியதால் வந்த கேள்வி அது.

கட்டுரையாளர் சொன்ன சாரம், உயிரணுக்கள் பற்றி வளரும் தாங்கு சட்டம்; அதைக் கட்டடக்காரர் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டிருந்தார். கட்டடச் சாரத்தை மேசன் பார்த்துத்தான் கழற்றுவார். நெஞ்சுக்குள் கழற்ற ஆளில்லை, அது தானாகக் கரைய வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குக் கிட்டிய ஒன்று உண்டு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவோம். கஞ்சி இல்லாத நூல் தறியின் இழுவையில் அறுந்துவிடும். நெய்து முடித்து முதல் தடவை தோய்க்கும்போது கஞ்சி போய்விடும், ஆனால் அதற்குள் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். தறியில் இருக்கும்போதே கஞ்சி கழன்றால் எப்படி இருக்கும்? வால்வு ஆராய்ச்சிக்காரரின் தலையிடி அதுதான்.

1995 இல் பாஸ்டனில் ஆட்டுக்குட்டிகளுக்கு வால்வில் திறந்து மூடும் இதழ்களில் ஒரே ஒன்றை மட்டும் இப்படி வளர்த்து வைத்தார்கள். அதன் சாரத்தின் நார் பாலிகிளைகோலிக் அமிலம் என்ற பொருள், தானாகக் கரையும் தையல் நூலுக்குப் பயன்படுவது. நெய்த வலையை நடுவில் வைத்து, இரு பக்கமும் நெய்யாத நார்த்தாளை வைத்தார்களாம். (வாப்பா இருந்திருந்தால் அந்த வலையின் இழை எண்ணிக்கையைக் கேட்டிருப்பார்.) ஆனால் அந்த நார் சில கிழமைகளிலேயே பலம் இழந்துவிடும். பாலிகாப்ரோலாக்டோன் என்ற இன்னொரு பொருள் என்றால் கரைய வருடக்கணக்காகும். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய இதழ், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 தடவை திறந்து மூட வேண்டும். அதைத் தாங்க, இந்த இரண்டுக்கும் நடுவிலான வேகத்தில் கரையும் பொருளைத் தேடுகிறார்கள். அப்புறம் இன்னொரு வில்லங்கம்: குடியேறிய உயிரணுக்களே இதழைச் சுருக்கி இழுக்கின்றன. தோய்த்தால் சுருங்கும் துணி போல வால்வு சுருங்கி, இரத்தம் பின்னால் கசியத் தொடங்கும்.

கட்டுரையில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நூலால் செய்யாமல், பன்றி வால்விலிருந்து உயிரணுக்களைக் கழுவி நீக்கி, மிஞ்சுகிற கொலாஜன் என்ற புரத வலையையே சாரமாக வைக்கும் வழியும் இருக்கிறது. பன்றி என்றதும் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி வேறு, அதை விடுங்கள். 2001 இல் வியன்னாவில் நான்கு பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட வால்வு வைத்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள், நான்காவது பிள்ளையின் வால்வை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட்டார்கள். கழுவியது முழுமையாக இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆட்டுக்குட்டியில் நன்றாக இருந்தது மனிதப் பிள்ளையிலும் அப்படியே இருக்கும் என்று எழுதும் முன் இதை நினைக்க வேண்டாமா?

நல்ல செய்தி இல்லை என்று சொல்லவில்லை. 2021 இல் மினசோட்டாவில், இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரினில் உயிரணுக்களை வளர்த்துக் குழாய்களாக்கி, பிறகு உயிரணுக்களை நீக்கி, மூன்று குழாய்களைச் சேர்த்துத் தைத்த வால்வு ஆட்டுக்குட்டிகளோடு சேர்ந்து வளர்ந்தது. வளரும் பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப நெஞ்சைத் திறக்காமல் இருக்கலாம் என்றால் அது பெரிய விஷயம். சரி, ஆனால் அது இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியிலுள்ள நுரையீரல் வால்வு. அங்கே அழுத்தம் குறைவு. தங்கச்சியுடையது இடது பக்கத்து மைட்ரல்.

இனி இப்படிக் கட்டுரை போடும்போது “ஆட்டுக்குட்டியில்” என்ற சொல்லைத் தலைப்பிலேயே போடுங்கள். இடம் இருந்தால், ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு அது திரும்ப வராமல் மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை போடும் பென்சிலின் ஊசியைப் பற்றியும் ஒரு கட்டுரை வேண்டும். நோகும் என்று சொல்லித் தங்கச்சி நான்கு ஊசியைத் தவறவிட்டாள். நாங்களும் விட்டுவிட்டோம்.

இப்படிக்கு,
தறிக்காரர் வீட்டு வாசகி,
மருதமுனை