ஃபார்மட் அடிப்பதற்கு முன்: கணினி சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் வட்டாரத்தில் கணினி சர்வீஸ் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு, வணக்கம்.

நான் ஐந்து பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கை முடிக்கும் 3பி, நடுவில் சரக்கோடு போகும் இ-வே பில், பேங்க் ஸ்டேட்மென்ட் என்று என் பிழைப்பு முழுவதும் பிரவுசருக்குள்தான் நடக்கிறது. அந்தப் பிரவுசர் போன மாதம் என் கையை விட்டுப் போய்விட்டது.

18ஆம் தேதி காலை குரோமைத் திறந்தால், இதுவரை பார்த்தே இராத ஒரு தேடல் பக்கம் வந்து நின்றது. ஜிஎஸ்டி தளத்தைத் தேடினால், மேலே இரண்டு மூன்று முகவரிகள் கண் இமைக்கும் நேரத்தில் ஓடி மறைந்து, கடன் விளம்பரம் ஒன்றில் போய் முடிந்தது. முகப்புப் பக்கத்தை மாற்றினேன். மூடித் திறந்ததும் பழையபடியே.

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த தம்பி ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “வைரஸுங்க அக்கா, ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும்” என்றான். 700 ரூபாய் கொடுத்தேன். டெஸ்க்டாப்பில் பார்ட்டி வாரியாகப் பிரித்து வைத்திருந்த டெலிவரி சலான் ஸ்கேன்கள் அத்தனையும் போயின. அந்த மாத ரிட்டர்னைத் தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்டேன்.

போனது போகட்டும் என்று வீட்டுக்கு வந்து, குரோமில் என் ஜிமெயிலைக் கொடுத்து நுழைந்தேன். புக்மார்க்குகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றோடு அதே தேடல் பக்கமும் வந்தது. புத்தம் புதிதாகப் போட்ட விண்டோஸில், பத்து நிமிடத்துக்குள்!

அன்று இரவு நானே தேடிப் பிடித்தேன். இ-வே பில்களை ஒரே பிடிஎஃப் ஆக்குவதற்காக பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலான எக்ஸ்டென்ஷன் ஒன்றை முன்பு போட்டிருந்தேன். அது கேட்டு வாங்கியிருந்த அனுமதி என்ன தெரியுமா? எல்லா இணையதளங்களிலும் என் தரவுகளைப் படிக்கலாம், மாற்றலாம். நான்தான் படிக்காமல் சம்மதம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் புக்மார்க்கு முதலியவற்றைக் கணக்கோடு சேமித்து வைக்கும் சிங்க் வசதி இருப்பதால் எக்ஸ்டென்ஷன் பட்டியல் கூகுள் கணக்கிலேயே தங்கிவிடுகிறது. கணினியை எத்தனை முறை துடைத்தாலும், கணக்கைத் திறந்தவுடன் அது திரும்ப இறங்கும். அதை நீக்க எனக்கு அரை நிமிடம் ஆனது.

அதற்குப் பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. எல்லாப் பக்கங்களையும் படிக்க முடிந்த ஒன்று, ஐந்து யூனிட்டுகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டையும் பேங்க் பக்கத்தையும் படித்திருக்காதா? வேறு கணினியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும், திறந்திருக்கும் எல்லா இடங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும் என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் ஏதும் போகவில்லை. போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும் என்பதையும் நானேதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் யூனிட் ஓனர் ஒருவரின் கணினியிலும் இதே தொல்லை. அங்கே எக்ஸ்டென்ஷனை நீக்கும் பொத்தானே வேலை செய்யவில்லை. குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று ஒரு வரி. பதினொரு தையல் மெஷின் ஓடும் யூனிட்டில் அப்படி ஒரு நிர்வாகம் ஏது? பெரிய அலுவலகங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்துவதற்காக வைத்திருக்கும் பாலிசி வசதியை, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரி வழியாகப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒரு கள்ள நிரல் எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக உட்கார வைத்திருந்தது. குரோம் ஷார்ட்கட்டின் பண்புகளைத் திறந்தால், டார்கெட் வரியின் கடைசியில், மேற்கோள் குறிக்குப் பின்னால், ஒரு இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் போட்டுக் கொடுத்தபோது, காசு கொடுக்காமல் விண்டோஸை இயக்க வைக்கும் கிராக் ஆக்டிவேட்டரை அது தடுக்கும் என்று கடையில் நிறுத்திவிட்டார்களாம். காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தோட்டத்துக் கதவைத் திறந்து வைத்ததைப் போல.

ஒரிஜினல் விண்டோஸின் விலையைச் சொன்னால் கஸ்டமர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பீர்கள். போவார்கள்தான். ஆனாலும் சொல்லுங்கள், முடிவெடுக்கிறவர் தெரிந்து எடுக்கட்டும்.

உங்களில் மூத்தவர்கள் பிரவுசிங் சென்டர் காலத்தைப் பார்த்தவர்கள். 2003 வாக்கில் கூல்வெப்சர்ச் என்ற கள்ள நிரல் அன்றைய பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஆட்டிப்படைத்தபோது, நெதர்லாந்து மாணவர் ஒருவர் எழுதிய ஹைஜாக்திஸ் என்ற சிறு நிரல் தரும் பட்டியலை வரி வரியாகப் பார்த்துக் களை எடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பொறுமை இன்றைக்கும் தேவைப்படுகிறது. 2017இல் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்த ஃபயர்பால் என்ற கள்ள நிரல், பார்வைக்கு வெறும் தேடல் பக்க மாற்றம்தான். உள்ளே, எந்த நிரலையும் இறக்கி ஓட்டும் வழி இருந்தது. உலகில் 25 கோடி கணினிகள், அவற்றில் இந்தியாவில் இரண்டரைக் கோடி என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அந்தக் கணக்கு மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கை எதுவானாலும், இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஃபார்மட் அடிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பாஸ்வேர்டு திருடும் நிரல் ஆழமாக இறங்கிவிட்டால் துடைத்துப் போடுவதுதான் சரி. ஆனால் அதற்கு முன் எக்ஸ்டென்ஷன், பாலிசி, ஷார்ட்கட், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர், இணைய முகவரிகளைத் திருப்பிவிடக்கூடிய ஹோஸ்ட்ஸ் கோப்பு ஆகியவற்றை ஒரு முறை திறந்து பாருங்கள். டெஸ்க்டாப்பில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். துடைத்த பிறகு, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அனுப்புங்கள்.

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று மட்டும் எழுதாமல், என்ன இருந்தது, எதை எடுத்தீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். அதற்கு 200 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் தருகிறேன். இந்த மாதம் 3பி முடிந்ததும் இன்னும் மூன்று யூனிட்டுகளின் கணினிகளைக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதித் தரும் கடைக்கு அவற்றைக் கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
திருப்பூரில் கணக்கு எழுதும் உங்கள் வாடிக்கையாளர்