கூண்டை விடுங்கள், கன்றுகளை இடம் மாற்றுங்கள்

நமீபியக் கால்நடைப் பண்ணையாளர் சங்கங்களுக்கு,

வணக்கம். கன்றைப் பறிகொடுத்தவரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் கேட்கிறோம். உலகில் மிஞ்சியிருக்கும் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) சுமார் 7,000. அவற்றின் வாழிடத்தில் முக்கால் பங்குக்கு மேல் காப்பகங்களுக்கு வெளியே, உங்களுடையதைப் போன்ற மேய்ச்சல் நிலங்களில்தான் இருக்கிறது. 1980களில் உங்கள் நாட்டில் ஆயிரக்கணக்கில் பிடித்தும் சுட்டும் தீர்த்தார்கள். அப்படியும் கூண்டு வைத்த மரத்துக்கே அடுத்த சிவிங்கிப்புலி வந்து நின்றது.

காரணம் அந்த மரம்தான். சாய்ந்த அடிமரமும் தாழ்ந்த கிளையும் உள்ள பெரிய மரமாகப் பார்த்து ஆண்கள் சிறுநீர் பீய்ச்சும், கிளைமேல் எச்சம் இடும். இடம் பிடித்த ஆண்கள், இடத்துக்குக் காத்திருக்கும் ஆண்கள், துணை தேடும் பெண்கள் எல்லாமே செய்தி அறிய அங்கேதான் வரும். இப்படிப்பட்ட மரங்கள் கூடிய சந்திப்பிடங்கள் ஒன்றுக்கொன்று சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கின்றன. தலைமுறை மாறினாலும் இடம் மாறுவதில்லை. இருப்பதைச் சுட்டால் காத்திருப்பது வந்து உட்காரும். கழுத்துப்பட்டை பொருத்திக் கண்காணித்து இதைக் கண்டறிந்த ஆய்வாளர்கள், கன்று ஈன்ற மந்தைகளை அந்த இடங்களிலிருந்து விலக்கி மேய்த்த பண்ணைகளில் இழப்பு 86 விழுக்காடு குறைந்ததை 2020இல் வெளியிட்டார்கள். சந்திப்பிடம் யார் நிலத்தில் விழுகிறதோ அவருக்குச் சுமை கூடுதல் என்பது உண்மை. அதனால்தான் தனியொருவருக்கு எழுதாமல் சங்கங்களுக்கு எழுதுகிறோம்: அக்கம்பக்கத்தார் ஒரே வரைபடத்தில் மரங்களைக் குறித்து, மேய்ச்சலைப் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

35 முதல் 60 கிலோ எடையுள்ள இந்த விலங்கு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றைத்தான் அடிக்கும். காளையை ஆண்டு முழுக்க மந்தையோடு விடாமல் மூன்று மாதம் மட்டும் சேர்த்தால் ஈற்றும் ஒரே பருவத்தில் முடியும். அந்தப் பருவத்தில் மட்டும் தாய்ப்பசுக்களை வீட்டுக்கு அருகே நிறுத்தினால் போதும்.

ஆடுகளுக்குக் காவல் நாய். துருக்கியின் கங்கல் வகை நாய்களை 1994 முதலே உங்கள் நாட்டில் இதற்குப் பழக்குகிறார்கள். குட்டியை எட்டுப் பத்து வாரத்திலேயே பட்டிக்குள் விட்டு, ஆட்டோடு தூங்கி வளரவிட வேண்டும். பல பண்ணைகளில் தவறுவது இந்த இடத்தில்தான்: பிள்ளைகள் கொஞ்சி வீட்டு நாயாக்கிவிடுகிறார்கள், அது மந்தையை விட்டுவிட்டு மனிதர் பின்னால் வருகிறது. ஆட்டுக்குட்டியைத் துரத்தி விளையாடினால் அப்போதே அதட்டி நிறுத்துங்கள். நாய் சிவிங்கிப்புலியோடு சண்டையிட வேண்டியதில்லை, எதிர்த்து நின்று குரைத்தாலே போதும். ஓடிப் பிழைக்கும் விலங்கு அது. காலில் காயம்பட்டால் பட்டினிதான். அதனால் ஓடாமல் நிற்பதோடு மோதாது. கழுதைப்புலிக்கும் சிறுத்தைக்கும் இதே உறுதியை எங்களால் தர முடியாது.

பழி சுமத்துமுன் செத்த கன்றின் கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். பல் பட்ட இடத்தில் தோலுக்கடியில் இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு கடிபட்டது. கட்டாமல் வெளுத்திருந்தால் முன்பே செத்ததை ஏதோ தின்றிருக்கிறது. சிவிங்கிப்புலி தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும், பெரிய எலும்பை நொறுக்காது. மண்ணில் நகக்குறி தெரியும். நாய்த் தடத்திலும் தெரியும் என்பதால் உள்ளங்காலின் பின்விளிம்பைப் பாருங்கள்: மூன்று புடைப்பு இருந்தால் பூனைக் குடும்பம்.

கூண்டில் ஏற்கெனவே ஒன்று சிக்கியிருந்தால், அது பெண்ணா, மடியில் பால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குட்டிகள் ஒன்றரை ஆண்டு வரை தாயை நம்பியிருக்கும். தாயைப் பிடித்த இடத்திலேயே, அன்றே திறந்துவிடுங்கள்.