பனி அணைகள் உடைந்த பழைய வெள்ளங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இமயமலைப் பனி ஏரிகளைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, 2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து சுங்தாங் அணையை அடித்துச் சென்றதைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால் புவி வெப்பம் உயர்ந்த பிறகு முளைத்த புது ஆபத்து இது என்ற எண்ணமே படிப்பவர் மனத்தில் தங்குகிறது. வெப்பத்தால் ஏரிகள் பெருகுவது உண்மைதான். எனினும் அதைவிடப் பன்மடங்கு பெரிய வெள்ளங்கள் அந்த மலைகளில் முன்பே வந்து போயிருக்கின்றன.

திபெத்தில் சாங்போ, அருணாசலத்தில் சியாங், அசாமில் பிரம்மபுத்திரா எனப் பெயர் பெறும் ஆறு, நம்சா பர்வா, க்யாலா பெரி சிகரங்களுக்கு இடையே மிக ஆழமான மலையிடுக்கில் இறங்குகிறது. பழங்காலத்தில் பனியாறுகள் சரிந்து வந்து அந்த இடுக்கின் தலைவாயிலை அடைத்ததால், மேற்புறத்தில் பெரும் ஏரிகள் தேங்கின. சரிவுகளில் மேடை மேடையாக எஞ்சிய ஏரி வண்டலை ஆராய்ந்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் மான்ட்கோமரி குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் ஏரி சுமார் 9,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. மற்றொன்று நம் நாட்டில் பல்லவர்கள் ஆண்ட நூற்றாண்டுகளை ஒட்டியது.

பெரிய ஏரியின் கொள்ளளவு 830 கன கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று அவர்கள் கணித்தனர். 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணையைப் போல் 300க்கும் மேற்பட்ட அணைகளை நிரப்பும் நீர் அது. பனி அணை ஒரேயடியாக உடைந்திருந்தால் நொடிக்கு 10 லட்சம் கன மீட்டருக்கு மேல், அதாவது மூன்றரைக் கோடி கன அடிக்கும் அதிகமாக நீர் பாய்ந்திருக்கும். இது மதிப்பீடேயன்றி நேரில் அளந்த கணக்கு அல்ல. ஆனாலும் 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடி திறக்கப்பட்டதற்கே முக்கொம்பில் ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டதைக் கண்ட டெல்டா மக்களுக்கு, அந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பனி அணை மண் அணையைப் போல் உடைவதில்லை. பனிக்கட்டி நீரைவிட எடை குறைந்தது என்பதால், நீர்மட்டம் அணையின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும்போது அணையின் அடிப்பாகம் மிதந்து எழலாம். அடியில் நுழைந்த நீர் தான் செல்லும் சுரங்கத்தைத் தானே உருக்கி அகலப்படுத்திக்கொண்டே போகும். ஏரி வடிந்த பின் பனியாறு மீண்டும் முன்னேறி வழியை அடைத்தால், புதிய ஏரி தேங்கத் தொடங்கும்.

இத்தகைய வெள்ளங்களை அறிவியல் உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. வடமேற்கு அமெரிக்காவின் பாறை நிலங்களைப் பெருவெள்ளமே குடைந்தது என்று 1923இல் எழுதிய நிலவியலாளர் ஜே. ஹார்லன் பிரெட்ஸை, சக நிலவியலாளர்கள் பல பத்தாண்டுகள் மறுத்தனர். நிலவியலின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் அவரை வந்தடைந்தது 1979இல், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு.

காவிரியில் பனி ஏரி கிடையாது. நம் வெள்ளம் குடகு, வயநாடு மழையால் வருவது. ஆகவே அந்த அச்சம் இங்கே தேவையில்லை. ஆனால் ஆற்றின் பழைய வெள்ளத்தை வண்டலில் படிக்கும் முறை நமக்கும் பயன்படும். நர்மதையின் பாறை இடுக்குகளில், வெள்ளம் ஒதுங்கிய இடங்களில் படிந்த வண்டலைக் கொண்டு இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய பெருவெள்ளங்களைக் கணித்துள்ளனர். நாமோ 1924 வெள்ளத்தையே எல்லையாகப் பேசிப் பழகிவிட்டோம். தடம் மாறிக்கொண்டே இருக்கும் டெல்டாவில் அந்த வண்டலைத் தேடுவது கடினம். ஒகேனக்கல்லுக்கு மேலே உள்ள பாறைப் பகுதிகளில் தேடிப் பார்க்கலாம்.

அதே சாங்போ ஆற்றில் 2025 ஜூலையில் சீனா மாபெரும் நீர்மின் திட்டத்தைத் தொடங்கியுள்ளது. நம் பக்கம் அப்பர் சியாங் அணை பேசப்பட்டு வருகிறது. 2000ஆம் ஆண்டில்கூட சாங்போவின் துணையாறான யிகோங்கை நிலச்சரிவு அடைத்து, ஜூனில் அந்த அடைப்பு உடைந்து அருணாசலம் வரை வெள்ளம் வந்தது. அத்திட்டங்களைப் பற்றி எழுதும்போது மெகாவாட் கணக்கோடு நிறுத்தாமல், எத்தனை ஆண்டு வெள்ளப் பதிவை வைத்து அணையின் உபரிநீர்ப் போக்கி வடிவமைக்கப்படுகிறது என்பதையும் கேட்டு வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
கும்பகோணம்.