பொட்டுவுக்குச் சொட்டு மருந்து

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. அம்மா ஊன்றுகோல் இல்லாமல் வாசல் வரை நடந்தார்கள் என்ற வரியை இவரிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். வயிற்றில் பால் வார்த்தாய். இந்த மூன்று மாதமாக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அடுத்த பக்கத்தைப் படித்த பிறகு, பதில் எழுதுவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மனம் வரவில்லை. உன் முயல் பொட்டுவின் கண்ணுக்கு மருந்து விட முடியாமல் நான்கு நாளாக மல்லுக்கட்டுகிறாய். கையெல்லாம் கீறல், மருந்தில் பாதி தரையில். முயலை மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவினால் தூங்கிப் போய்விடும், அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். செய்து பார்க்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம் வசந்தி. மற்றதெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அதைச் செய்தவள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் முயல் சீனிக்கும் இதே மாதிரி இடது கண்ணில் நீர் வடிந்து, கண்ணுக்குக் கீழே ரோமமெல்லாம் ஒட்டிப்போய்ப் புண்ணாகிவிட்டது. காலையும் மாலையும் சொட்டு மருந்து, கூடவே வாய் வழியாக ஒரு மருந்து, 14 நாள். முதல் இரண்டு நாள் உன் கதைதான் என் கதையும். மூன்றாம் நாள் மடியில் மல்லாத்திப் போட்டேன். பின்னங்கால் இரண்டும் காற்றில் உதைத்தன. தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. முன்னங்கால்கள் மார்போடு மடங்கி, விரல்கள் லேசாக விரிந்து, பொம்மை மாதிரி கிடந்தான். மருந்து விட்டேன், நகம் வெட்டினேன், புண்ணைத் துடைத்தேன். என்மேல் எவ்வளவு நம்பிக்கை பார், மடியிலேயே தூங்குகிறான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். இவர் மட்டும், "கண் திறந்தே இருக்கிறதே" என்றார். முயல் கண்ணைத் திறந்துகொண்டும் தூங்கும் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, நான் அப்படி நின்றேன். கண்ணைப் பற்றி வாதாடினேனே தவிர, அவன் விலாவைப் பார்க்கவில்லை. அது படபடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் போனதும் நான் அறைக்குள் நுழைந்தாலே பீரோவுக்கு அடியில் பதுங்கினான். அங்கிருந்து பின்னங்காலால் தரையை 'டப் டப்' என்று அடித்தான். புழுக்கை சிறுத்துப்போயிற்று. கொத்தமல்லித் தழையை நீட்டினால் ஓடி வருகிறவன், நான் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகுதான் வந்து தின்றான். மருந்தின் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி காட்டப் போனபோது, எப்படி மருந்து விடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். செய்து காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டெதஸ்கோப்பைச் சீனியின் மார்பில் வைத்து மறுமுனையை என் காதில் மாட்டிவிட்டார். தனித்தனித் துடிப்பாகக் கேட்கவில்லை, ஒரே இரைச்சல். பிறகு அவனை நிமிர்த்தி மேசைமேல் துண்டில் உட்கார வைத்து, முகத்தைத் தன் கைக்குள் ஒளித்துக்கொள்ளவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கச் சொன்னார். அப்போதும் வேகம்தான். முயலுக்கு நிமிடத்துக்கு 180 முதல் 300 வரை துடிப்பது இயல்பு. ஆனால் இப்போது ஒரு துடிப்பிலிருந்து அடுத்ததைப் பிரித்துக் கேட்க முடிந்தது.

நான் தூக்கம் என்று நினைத்தது, கொன்று தின்ன வந்த விலங்கிடம் மாட்டிக்கொண்ட முயலுக்குக் கடைசியாக மிஞ்சுகிற வழி, வசந்தி. செத்ததுபோல் கிடந்தால் பிடி தளரும், தளர்ந்த நொடியில் ஓடலாம். அந்த நிலையில் இதயத் துடிப்பும் மூச்சும் கூடுவதை, இரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் ஏறுவதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இருபது முறைக்குக் குறையாமல் அந்தப் பயத்துக்குள் அவனை நானே தள்ளியிருக்கிறேன்.

ஆபத்தும் இருக்கிறது. அப்படிக் கிடக்கிற முயல் எந்த நொடியில் விழித்து உதைக்கும் என்று சொல்ல முடியாது. பூனையின் உடல் எடையில் எலும்பு 12, 13 சதவீதம் இருக்கும். முயலுக்கு 7, 8 சதவீதம்தான். பின்னங்கால் தசையோ அவ்வளவு பலம். பின்பக்கத்துக்குத் தாங்கல் இல்லாமல் காற்றில் உதைத்தால் அதன் பலத்திலேயே அதன் இடுப்புப் பக்க முதுகெலும்பு முறிந்துபோகலாம். அதனால் எதை மறந்தாலும் இதை மறக்காதே. தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பிட்டத்துக்குக் கீழே. காதைப் பிடித்தோ பிடரித் தோலைப் பிடித்தோ தூக்கக் கூடாது.

சரி, எப்படித்தான் செய்வது? டாக்டர் காட்டிக் கொடுத்ததையும் நானாகக் கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மேசை, கட்டில் எல்லாம் வேண்டாம், தரையிலேயே செய். குதித்தாலும் விழ உயரம் இருக்காது. முயலின் பாதத்தில் நாய், பூனை மாதிரி மெத்தை கிடையாது, வெறும் ரோமம்தான். வழுவழுப்பான தரையில் கால் சறுக்கினாலே அதற்குப் பயம் வந்துவிடும். பாயோ கனமான விரிப்போ போட்டுக்கொள். பொட்டுவை எடுத்து வருவதற்கு முன்பே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மருந்தின் மூடி திறந்திருக்கட்டும். குப்பியை முன்கூட்டியே உள்ளங்கையில் பொத்தி வைத்துக் குளிர்ச்சியைப் போக்கிவிடு. முயலைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் மூடியைத் திருகுகிற அந்த அரை நிமிடத்தில்தான் காரியம் கெடும்.

பெரிய துண்டு ஒன்றை விரித்து அவளை நடுவில் உட்கார வை. கழுத்து துண்டின் முன் ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முன்னங்கால்கள் உடலுக்கு அடியில் இயல்பாக மடங்கியிருக்கிறதா பார். இடது பக்கத் துண்டைத் தோளின் மேலாகக் கொண்டுவந்து மறுபக்கம் உடலுக்கு அடியில் செருகு. வலது பக்கத்தையும் அதேபோல. கடைசியாகப் பின்னால் தொங்குவதைப் பிட்டத்தின் மேல் ஏற்றி மடித்துவிடு. கைக்குழந்தையைத் துணியில் சுற்றுவோமே, அந்தப் பக்குவம்தான். கழுத்தில் ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். தளர்வாகச் சுற்றினால் ஒரு கால் வெளியே வரும், ஒரு கால் வந்தால் மீதி மூன்றும் வந்துவிடும். நான் முதலில் பாவம் பார்த்துத் தளர்வாகத்தான் சுற்றினேன், அவன் அதில்தான் அதிகம் திமிறினான். ஒட்டிப் பிடித்த துணி அவர்களுக்கு வளைக்குள் இருப்பதுபோல இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் மார்பை இறுக்கக் கூடாது, மூக்கை மூடவே கூடாது. முயல் மூக்கால்தான் மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசர நிலை.

பிறகு நீ முழங்காலிட்டு உட்கார்ந்து, அவள் பின்பக்கம் உன் பக்கமாகவும் முகம் வெளிப்பக்கமாகவும் இருக்கும்படி தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள். தப்பிக்க நினைக்கிற முயல் பெரும்பாலும் பின்னால்தான் நகரும். பின்னால் நீ இருக்கிறாய். உன் உடம்பின் சூடே அவளுக்கு ஒரு சுவர்.

கண்ணுக்கு மருந்து விடும்போது முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோகாதே. முயலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் மட்டும் தெரியாது. அங்கே திடீரென்று வந்து நிற்கிற விரல் அதை நடுங்க வைத்துவிடும். தலைக்குப் பின்னாலிருந்து, காதுகளுக்கு நடுவே தடவியபடியே கையைக் கொண்டு வா. முதலில் பீளையைத் துடை. கொதிக்க வைத்து ஆறவைத்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. பிறகு குப்பி பிடித்த கையின் அடிப்பக்கத்தை அவள் தலைமேல் ஊன்றிக்கொள். தலை அசைந்தால் கையும் சேர்ந்து அசையும், முனை கண்ணில் குத்தாது. மறுகைக் கட்டைவிரலால் கீழ் இமையைச் சற்றே இழுத்தால் சிறு பை மாதிரி திறக்கும். ஒரு சொட்டு அதில். குப்பியின் முனை எங்கும் படக் கூடாது. அவள் இரண்டு முறை இமைக்கட்டும். இரண்டு விதச் சொட்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விடு, களிம்பு இருந்தால் அது கடைசியில்.

வாய் மருந்துக்குத் தலையை அண்ணாக்க வைக்காதே, மருந்து மூச்சுக்குழாயில் போய்விடும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சைப் பக்கவாட்டில் அங்கே நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. மெல்லும், விழுங்கும், அதற்குப் பிறகு அடுத்த துளி.

எல்லாம் சேர்த்து மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் சுற்றி வைத்திருக்காதே. முயலுக்கு வியர்க்காது, சூடு பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற வேண்டும். காதுகளைத் துண்டுக்குள் மூடாதே, வெயில் ஏறுகிற நேரத்தில் செய்யாதே. நடுவில் கண் பிதுங்கி வெள்ளை தெரிந்தாலோ, உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்தாலோ விட்டுவிடு. அரை மணி நேரம் கழித்துச் செய்யலாம். பதறிய காரியம் சிதறும் என்று உன் பாட்டி சொல்வார்களே, எனக்கு அது அடிக்கடி நினைவுக்கு வந்தது. பயந்தால் சிலையாகிப்போவது முயலின் சுபாவம். அதனால் அசையவில்லை என்பதை மட்டும் நம்பாதே. கழுத்தும் விலாவும் இளகியிருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, பல்லை மெல்ல அரைக்கிறாளா என்று பார். மெல்லிய அரைப்பு என்றால் சுகமாக இருக்கிறாள். பல்லை நெறித்துச் சத்தமாக அரைத்தால் வலி.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட இன்னொன்று. மருந்து நேரத்தில் மட்டும் அவளிடம் போகாதே. சீனி என்னிடம் திரும்பி வர மூன்று வாரம் பிடித்தது. தினமும் சாயங்காலம் கையில் எதுவும் இல்லாமல் தரையில் படுத்துக் கிடப்பேன். தொட மாட்டேன். அந்தத் துண்டையும் அவன் படுக்கிற இடத்திலேயே போட்டு வைத்தேன், அவன் வாசனையே அதில் ஏறட்டும் என்று. பதினெட்டாம் நாளோ என்னவோ, என் முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. அப்புறம் தாடையை என் கையில் தேய்த்துவிட்டுப் போனான். 'இது என்னுடையது' என்று முயல் அடையாளம் வைக்கிற விதம் அது. நான் அசையாமல் கிடந்தேன், கண்ணில் நீர் நிற்கவில்லை.

உன் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேள். முயலின் கண்ணீர்க்குழாய் மேல்வரிசைப் பற்களின் வேரை ஒட்டித்தான் போகிறது. பல்லின் வேர் நீண்டு அழுத்தினாலும் கண்ணில் நீர் வடியும், சீனிக்கு அதுதான் காரணமாக இருந்தது. எனவே பல்லைப் பார்த்தார்களா என்று கேள். அப்புறம், வீட்டில் மிச்சம் இருக்கிற எந்த மாத்திரையையும் நீயாகக் கொடுத்துவிடாதே. நாம் சாதாரணமாக விழுங்குகிற அமாக்ஸிசிலின் முயலின் வயிற்றுக்குள் போனால் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து உயிருக்கே உலை வைத்துவிடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பொட்டு எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே, உடனே தூக்கிக்கொண்டு போ.

இங்கே எல்லோரும் நலம். கயல் விடுதியிலிருந்து போன வாரம் வந்துவிட்டுப் போனாள். இளைத்திருக்கிறாள், ஆனால் முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. இவருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. நான் மறுபடி தையல் இயந்திரத்தைத் தூசி தட்டியிருக்கிறேன், அம்மாவுக்கு ஒரு பருத்தி மேலாடை தைத்து அனுப்புகிறேன். தோள் அளவு மட்டும் எழுது.

பொட்டுவுக்கு இன்னும் எத்தனை நாள் மருந்து என்று நீ எழுதவில்லை. அதையும் எழுது. நீ சுற்றிப் பிடித்துக்கொண்டால் மருந்து விட வீட்டில் வேறு கை இல்லையென்றால் சொல், ஒரு வாரம் நான் வந்து இருக்கிறேன். இவரும் போய் வா என்றுதான் சொல்கிறார்.

அன்புடன்,
உன் செல்வி