நெல்லின் நேரே உப்பு: எடையா, அளவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டமாற்று பற்றிய தங்கள் கட்டுரையில், அகநானூறு 140-ஆம் பாட்டின் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்ற அடிக்கு ‘ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு கிலோ உப்பு’ என்று பொருள் தந்திருந்தீர்கள். அது பொருந்தாது. நெல்லும் உப்பும் படியில் முகந்து கொடுத்த சரக்குகள். அங்கே ‘நேர்’ என்றால் ஒரு படிக்கு ஒரு படி.

வித்தியாசம் சின்னதில்லை. தலைவழித்து, அதாவது விளிம்புக்கு மேல் நிற்பதை வழித்துவிட்டு, அளந்தால் ஒரு லிட்டர் நெல் 550 முதல் 600 கிராம்தான் நிற்கும். அதே லிட்டரில் உலர்ந்த கல்லுப்பு சுமார் ஒரு கிலோ. எடைக்கு எடை என்று வைத்தால், உமணர் என்ற உப்பு வணிகர் ஒரு படி உப்புக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் படி நெல் வாங்கியதாகிவிடும். ‘நேரே’ என்று சேரிதோறும் கூவி விற்ற விலை அதுவல்ல.

உப்பை எடை போடுவதில் உள்ள சிக்கல் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும். பாத்தியில் வாரிய உப்பில் கசப்பு நீர் தங்கியிருக்கும். குவித்து வடியவிட வேண்டும். வடிய வடிய எடை இறங்கும். அந்த நீரிலுள்ள மக்னீசியம் சரியாக வடியாவிட்டால், ஈரக்காற்று பட்டதும் உப்பு கசிந்து மறுபடி கனக்கும். படியில் இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாகத் தெரியாது.

படியிலும் ஏமாற்று உண்டு. குலுக்கி அளந்தால் சரக்கு இறுகி அதிகம் கொள்ளும். பதர் கலந்த நெல் சும்மா படியை நிரப்பும். பொடியுப்பு கல்லுப்பைவிட நெருங்கி அடங்கும். ஆகவே ‘நேர்’ நிற்க ஒரே படி, ஒரே மாதிரி தலைவழிப்பு, பேசிய தரம் மூன்றும் வேண்டும். வெறும் ‘உப்பு’ என்னாமல் ‘வெண்கல் உப்பு’, அதாவது வெள்ளைக் கல்லுப்பு, என்று கூவியதில் அந்தத் தரம் இருக்கிறது என்றே படுகிறது.

சொற்களையும் பிரித்து ஆளுங்கள். ‘உப்பை மாறி வெண்ணெல் தரீஇய’ (உப்பைக் கொடுத்து வெண்ணெல் கொண்டுவர) என்னும் குறுந்தொகை 269-இல் ‘மாறு’ என்பது கொடுத்து வாங்கும் செயல். அகநானூறு 140-இல் ‘உப்பின் கொள்ளை சாற்றி’ என்னும்போது ‘கொள்ளை’ விலை, சூறையாடல் அல்ல. அளவு வேறாகி மதிப்பு மட்டும் ஒத்தால், இன்றைய வழக்கில் ‘ஈடு’: இத்தனை படி உப்புக்கு ஈடாக ஒரு கோழி. பாக்கெட்டில் அச்சிடும் ‘நிகர எடை’யின் ‘நிகர’ இந்த வரிசையிலேயே வராது. அது உறை நீங்கிய எடை.

கட்டுரையை மறுபடி வெளியிட்டால் ‘ஒத்த அளவு’ என்று திருத்துங்கள். படத்திலும் தராசை எடுத்துவிட்டு தானியம் அளக்கும் ஒரு மரக்கால் வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்