கிணற்றடி வேம்புக்கு ஒரு நன்றி மடல்

ஊரவர்களுக்கும், வெளிநாடுகளிலிருந்து விசாரித்த உறவுகளுக்கும்,

அன்றிரவு காற்றும் மழையும் என் கொட்டிலின் கூரையைப் பிரித்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. மூன்று வருடமாகக் கொட்டிலுக்குள் வளர்ந்த என் மாதிரிக் கப்பல் அன்னபூரணியில் மிஞ்சியது ஏரா என்ற அடிமரமும், வங்கு என்ற வளைந்த விலாச் சட்டங்கள் நாலைந்தும்தான். இனி இந்த வேலை வேண்டாம் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன்.

மூன்றாம் நாள் காலை எங்கள் ஒழுங்கை ஆச்சி வந்தார். பேரன் தள்ளிவந்த சைக்கிளின் கரியரில் ஒரு சாக்கு. படலையடியிலேயே அவிழ்த்தார். உள்ளே ஒரு வேப்பம் பலகை. அதோடு பெருவிரல் பருமனில், வில்லாய் வளைந்த வேப்பங்கொப்புகள் பதினொன்று.

"கிணத்தடி வேம்பு தம்பி. விழுந்து எட்டு வருசம். மகன்ரை கதவுக்கெண்டு வைச்சிருந்தனான். வங்குக்கு வளைஞ்ச கொப்பெல்லே வேணும்?"

எனக்குப் பேச்சே வரவில்லை. ஆச்சியின் தகப்பன் மரக்கப்பல் கட்டும் ஓடாவி என்பது அன்றைக்குத்தான் தெரியும். நேரான பலகையை வளைவாக அறுத்தால் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டுவிடும்; பாரம் ஏறினால் அந்த இடத்தில்தான் வெடிக்கும். தானாக வளைந்த கொப்பில் நாரும் வளைவோடு ஓடும். இது தெரிந்திருந்தும் நான் அவசரத்துக்குக் கடைப் பலகையில் வங்கு அறுத்துக்கொண்டிருந்தேன்.

1930இல் எங்கள் ஊரான வல்வெட்டித்துறையில் கட்டிய உண்மையான அன்னபூரணிக் கப்பலும் வேம்புதான். இரண்டு பாய்மரம், 89 அடி நீளம், 19 அடி அகலம். அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அவளை வாங்கி, தன் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆக்கினார். பெயர் மாறியதில் எனக்கு இன்றும் மனக்குறை உண்டு. ஆனால் 1937இல் கொழும்பை விட்டு, சுயெஸ் கால்வாய் கடந்து, அத்திலாந்திக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் எங்கள் ஊர் மாலுமிகள். அந்த ஒரு நினைப்பில்தான் இந்த வேலையையே தொடங்கினேன். அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் 44½ அங்குலக் கப்பல்.

நனைந்த வரைபடங்களை ஒவ்வொரு தாளாக விரித்துக் காயவைத்த பிள்ளைகள், கூரைத் தகரம் தூக்கித் தந்த தம்பிமார், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கேட்காமலே காசு அனுப்பியவர்கள், மூன்று நாளும் சோறு தந்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஆச்சியின் கொப்புகளில் ஒன்பது ஏராவில் ஏறிவிட்டன. அறுக்க அறுக்கக் கொட்டில் முழுக்க வேம்பின் கசப்பு மணம். பலகை வைத்து, இடுக்குகளைப் பஞ்சும் குங்கிலியமும் போட்டு அடைக்க இன்னும் மாதங்கள் ஆகும். சரி, ஆகட்டும். பின்னேரங்களில் பேரனும் வந்து இருக்கிறான். அவனுக்கு உளி பிடிக்கப் பழக்குகிறேன். பாய் கட்டி முடிந்த அன்றைக்கு அன்னபூரணி முதலில் போகப்போவது ஆச்சி வீட்டுக் கிணற்றடிக்கு.