பார்க்க நல்லாத்தான் இருக்கு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காய்ச்சல் தணிந்தது நிம்மதி. உன் மகள் மருந்தளவு பார்த்த இணையதளத்தைப் பற்றி, "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று எழுதியிருந்தாய். அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம்.

2002இல் ஸ்டான்ஃபோர்டில் பி. ஜே. ஃபாக் குழுவினர் 2,684 பேரிடம் தளங்களைக் காட்டி, எதை நம்புவீர்கள், ஏன் என்று கேட்டார்கள். வந்த கருத்துகளில் 46.1% தோற்றத்தைப் பற்றியவை: எழுத்துரு, நிறம், அமைப்பு. பணம் சார்ந்த தளங்களில் அது 54.6%. காசு போகும் இடத்தில்தான் கண்ணை அதிகம் நம்புகிறோம் என்பது என்னைக் கலங்க வைக்கிறது.

2017இல் வைன்பர்க், மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் வரலாற்றாசிரியர்கள், மாணவர்கள், தகவல் சரிபார்ப்பவர்கள் முன் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் தளங்களை வைத்து, எது அதிகம் நம்பத் தகுந்தது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய பேரமைப்பு. மற்றது 2002இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்த மாணவர்களில் பாதிக்கு மேல் சிறு குழுவைத் தேர்ந்தார்கள். படித்த வரலாற்றாசிரியர்களே பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் வேறு சாளரம் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். ஒருவர்கூடத் தவறவில்லை. "எங்களைப் பற்றி" பக்கத்தில் எவனும் தன்னைக் குறைத்து எழுதமாட்டான் அல்லவா?

உன் மகளும் அதையே செய்யட்டும். அமைப்பின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, அதன் சொந்தத் தளத்தை ஒதுக்கிவிட்டு மற்ற முடிவுகளைப் படிக்கட்டும். டாட் ஓஆர்ஜி என்று முடியும் முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அது சான்று ஆகாது.

வங்கித் தளம் என்றால், அதன் முகவரியை வலமிருந்து வாசி. 'எச்டிடிபிஎஸ்' பக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடு. அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதுதான் உரிமையாளர் பெயர். முன்னால் வங்கியின் பெயர் இருந்தாலும் அங்கே 'கேஒய்சி-அப்டேட் டாட் காம்' என்று முடிந்தால், அது அந்தப் பெயரைப் பதிந்தவனின் தளம். முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னம், வழியில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லும், மறுமுனையில் இருப்பவன் யார் என்று சொல்லாது. மோசடிக்காரனுக்கும் அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. குரோம் 2023இல் பூட்டையே எடுத்துவிட்டது. ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொன்னது. அப்படி முடியும் முகவரியை வங்கி அல்லாதவர் வாங்க முடியாது.

மகள் பார்த்த தளத்தின் முகவரியை ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்பு. அதுவரை மருந்தளவைக் குழந்தையின் எடை சொல்லி மருத்துவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
சிதம்பரம்